தார் படாத வழி

குடுமியான்மலை
23-2-2026

அன்புள்ள அண்ணனுக்கு,

ஷர்லி எழுதுவது. இங்கே நானும் இவரும் பாப்பாவும் சுகம். நீங்கள், அண்ணி, பெனிட்டா மூவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

பதினோரு வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். நான்கு நாளாக உங்கள் போனுக்கு அடித்துப் பார்த்தேன். அண்ணி போனும் அணைந்தே கிடக்கிறது. பயந்துபோய் உங்கள் பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளை அக்காவுக்கு அடித்தேன். "ஒங்க அண்ணன் போனையெல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாருடி. பூமிக்கடியில எடுக்குற எண்ணெயில செஞ்ச சாமான் எதையும் ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டாராம். நான் சமையல் எண்ணெய்தான் தீந்துபோச்சாக்கும்னு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தேன்" என்றது. சிரித்துவிட்டேன். பிறகு இந்தத் தாளை எடுத்தேன்.

தேவிப்ரியாவுக்குக் காது குத்தப் போகிறோம், அண்ணா. ஒன்பது வயது முடியப்போகிறது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவது, வேறு யார் மடியும் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்ததில் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை வயதெல்லாம் போய்விட்டது. வகுப்பில் காது குத்தாத ஒரே பெண் அவள்தான். அவளுக்கு மாமா என்று இருப்பது நீங்கள் ஒருவர். இந்த முறையும் நீங்கள் வராவிட்டால் நான் குத்தாமலே விட்டுவிடுவேன்.

மார்ச் 22, ஞாயிறு, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். கோயிலில் அல்ல, எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு. உங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான்.

பதில் வரும் வரை வாசலைப் பார்த்திருக்கும்
தங்கை ஷர்லி


ஆவூர்
26-2-2026

ஷர்லிக்கு,

ஜெரால்டு எழுதுவது. நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்பது முறை என்பதால் கேட்கிறேன்.

சின்னப்பிள்ளை சொன்னது பாதிதான். தவக்காலத்தில் இந்த ஊர் கறியை நிறுத்திவிட்டு நெத்திலியை இரட்டிப்பாகத் தின்கிறது. அதற்குப் பெயர் ஒறுத்தல். நான் இந்த வருடம் உண்மையாகவே எதையாவது ஒறுத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். பெட்ரோலியத்திலிருந்து பிறந்த எதுவும் என் வீட்டில் கிடையாது. மற்றவர்களுக்கு ஞாயிறு போக நாற்பது நாள். எனக்கு ஞாயிறும் சேர்த்து நாற்பத்தாறு.

நீ நம்பமாட்டாய், முதல் நாள் வீட்டிலிருந்து வெளியேற்றிய சாமான்கள் மாட்டுத்தொழுவம் நிறைய! குடம், வாளி, சீப்பு, பல்துலக்கி, உப்பு டப்பா, நாற்காலி, என் டெரிகாட்டன் சட்டைகள் ஆறு. பெனிட்டாவின் பள்ளிச் சீருடை பாலியெஸ்டர். கதரில் தைத்து, தலைமையாசிரியரிடம் வாதாடி அனுமதி வாங்கினேன். (பதவி மூப்பில் எனக்கு வரவேண்டிய நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். அதையும் ஞாபகப்படுத்திவிட்டு வந்தேன்.) உள்ளாடையில் எலாஸ்டிக் கிடையாது, நாடாதான். கேஸ் அடுப்பைக் கழற்றியதும் உன் அண்ணி அன்புமொழி, "தவத்த நீங்க பண்ணுங்க, பொகைய நான் முழுங்குறேன்" என்றாள். அன்றிலிருந்து விறகடுப்பில் நானே சமைக்கிறேன். சோறு குழைகிறது. குழம்பு பிரமாதம்.

தபாலுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறேன். கைதிகளுக்கும் அந்த உரிமை உண்டு.

காதுகுத்துக்கு வர இயலாது. பஸ், கார், பைக் எதிலும் ஏற மாட்டேன். சைக்கிள் டயரும் கச்சா எண்ணெயின் பிள்ளைதான். காரணம் இது ஒன்றே. நீ கல்லூரி வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகிறேன் என்று என்னிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போய், பதிவுத் திருமணம் செய்துகொண்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உனக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான், எம்.எஸ்ஸி.யில் பதக்கம் வாங்கியவள் நீ. பெட்ரோல் பங்க் மேனேஜரைத்தான் பிடித்தது என்றால் அது உன் விருப்பம். அவர் விற்கும் சரக்கு என் வாசற்படி ஏறாது.

ஜெரால்டு


குடுமியான்மலை
2-3-2026

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உங்கள் புகையடுப்பும் குழைந்த சோறும் சுகமா?

கடிதம் பென்சிலில் இருந்தது. சந்தோஷம், பேனா ஒழிந்தது. பென்சில் மேலே பூசிய பெயிண்ட் எதிலிருந்து வந்தது?

வாத்தியாருக்கு மாணவியின் கேள்விகள். ஒன்று, ஞாயிறு பூசையில் நீங்கள் கையில் பிடிக்கும் மெழுகுவர்த்தி எது? பாரஃபின்தானே? மாதா முன்னால் மண்டியிட்டுப் பெட்ரோலியம் எரிக்கிறீர்கள். இரண்டு, வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்கம்பியின் உறை? மூன்று, கேட்கவே பாவமாக இருக்கிறது, உங்கள் மூக்குக்கண்ணாடி. கண்ணாடி என்று பெயர்தான், வில்லை பிளாஸ்டிக். அப்புறம் வாசலைத் தாண்டினால் ஊரை ஊரோடு சேர்த்துக் கிடக்கிற ரோடு எதில் போட்டது, அண்ணா? தாரில்தானே?

ஆக நீங்கள் ஏற்கெனவே தோற்றாகிவிட்டது. தோற்றவர் பஸ் ஏறி வரலாம். பாப்பா தினமும் ஒருமுறை "மாமா ஒயரமா, குட்டையா?" என்று கேட்கிறாள். அளவு சொல்ல எனக்கே மறந்துவிட்டது.

கேள்வித்தாள் திருத்தி அனுப்புவீர்கள் என்று காத்திருக்கும்
ஷர்லி


ஆவூர்
5-3-2026

அன்புள்ள ஷர்லி,

நலம், நலம், நலம். உட்கார்ந்து எழுதப் பொறுமை இல்லை.

பென்சில் பெயிண்டைச் சுரண்டிவிட்டேன். மெயின் சுவிட்சை இறக்கியாகிவிட்டது. இலுப்பை எண்ணெய் விளக்கு. அந்த மணத்துக்கு ஒரு கொசு அண்டுவதில்லை. அப்பா பெட்டியில் அவருடைய பழைய கண்ணாடி கிடைத்தது. இரும்புக் கம்பி, அசல் கண்ணாடி வில்லை. அதைப் போட்டால் உலகம் கொஞ்சம் இடதுபுறம் சாய்கிறது, பத்தடிக்கு அப்பால் ஆள் யாரென்று தெரிவதில்லை. தெரியவேண்டிய ஆட்களும் இந்த ஊரில் அதிகமில்லை.

மெழுகுவர்த்திதான் பெரிய கூத்து. நேற்றுச் சாயங்காலப் பூசைக்கு ஒரு அகல்விளக்கோடு கோயிலுக்குப் போனேன். கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவைக் கண்ணுசாமி வாசலிலேயே மறித்தார்.

"என்ன சார் இது, வெளக்கு?"

"மெழுகுவர்த்தி பெட்ரோலியம். இது இலுப்பை."

"அப்ப நாங்கெல்லாம் மாதாவுக்குப் பெட்ரோலா ஊத்திக்கிட்டு இருக்கோம்?"

"ஆமா."

"சாமியார்கிட்டச் சொல்லிருவேன் சார்."

"நானே சொல்லிட்டேன். அவரு கையில இருக்குறதும் அதுதான்னு."

சாமியார் நல்ல மனிதர். சிரித்துவிட்டு விளக்கைப் பீடத்தருகே வைக்கச் சொன்னார். அடுத்த வாரம் நான்கு வீட்டிலிருந்து அகல் வரப்போகிறதாம், ஷர்லி! இருபத்தெட்டு வருடம் இந்த ஊரில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒருவன் என்னிடம் மறுகேள்வி கேட்டதில்லை. பாரஃபின் என்று நீ எழுதியதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கேட்க வேண்டிய கேள்வி அது.

ஆனால் நான்காவது கேள்வியில் நீயே மாட்டிக்கொண்டாய். ரோடு தார். மிகச் சரி. ஆகவே உன் கடிதம் வந்ததிலிருந்து தாரில் கால் வைப்பதில்லை. பள்ளிக்கு வயல் வரப்பில் போகிறேன். ஊர் எல்லையைத் தாண்ட வழியே இல்லை. காதுகுத்து விஷயம் இத்தோடு முடிந்தது.

அடுத்த கேள்வித்தாளை விரைவில் அனுப்பு.

ஜெரால்டு


ஆவூர்
12-3-2026

அன்புள்ள ஷர்லி,

இங்கு நலம். அங்கு?

என் கடிதம் போய் ஒரு வாரமாகிறது. தபால்காரரிடம் மூன்று நாளாகக் கேட்கிறேன். "வந்தா குடுக்காம நானா படிக்கப்போறேன் சார்?" என்கிறார். பாப்பாவுக்கு உடம்புக்கு ஏதுமில்லையே? கேள்விகள் தீர்ந்துவிட்டன என்றால் அதையாவது எழுது. அறிவியல் நோக்கில்தான் கேட்கிறேன்.

தார் பற்றி நான் எழுதியதில் உனக்கு வருத்தம் என்று அன்புமொழி சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெனிட்டாவும் அவள் அம்மா பக்கம்தான். இரண்டு பேரும் இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

பதில் போடு.

அண்ணன்


குடுமியான்மலை
13-3-2026

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். பாப்பாவும் சுகம். பதில் தாமதமானது வேறு ஒரு வேலையால். அது இந்த உறைக்குள் இருக்கிறது, பிரித்துப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் தார் படாத வழி. கண்மாய்க்கரை, வண்டிப்பாதை, வரப்பு, மழைத்தண்ணீர் ஓடும் வாரிக்கால் எல்லாம் குறித்திருக்கிறது. சுற்றுவழி, நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே நாய் தொல்லை, எல்லாம் உண்டு. நான்கே இடத்தில்தான் ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். அதற்கும் ஏற்பாடு உண்டு என்கிறார் வரைந்தவர். வேலை முடிந்து சாயங்காலம்தான் அவரால் நடந்து பார்க்க முடியும் என்பதால் இத்தனை நாள் ஆகிவிட்டது.

நடக்க இஷ்டமில்லை என்றால் இன்னொன்று. எங்கள் பக்கத்துச் சாமியாரிடம் கேட்டேன். தவக்காலக் கணக்கில் ஞாயிறு சேராதாம். அன்றைக்கு ஒரு நாள் பஸ் ஏறினால் விரதம் முறியாது.

மார்ச் 22-க்கு ஒன்பது நாள் இருக்கிறது என்று பாப்பா சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கால்களை முக்கியமாக.

ஷர்லி


ஆவூர்
16-3-2026

அன்புள்ள ஷர்லி,

அனைவரும் நலம். அங்கும் நலமென்று அறிந்ததில், சொல்லிவிடுகிறேன், நிம்மதி.

யார் இந்த வரைபடத்தைப் போட்டது? இரண்டு நாளாக மேசையில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆவூர்ப் பக்கத்து ஐந்து கிலோமீட்டரை நேற்று நானே நடந்து சரிபார்த்தேன். ஒரு மடை தப்பவில்லை! ஒற்றைப் பனைமரத்தைக்கூடக் குறித்திருக்கிறார். வேலிமுள் இருக்கும் இடத்தில் சின்னதாக முள் வரைந்திருக்கிறார். நில அளவைத் துறையில் இருக்கவேண்டிய மனிதர். இப்படிப்பட்ட மூளைக்காரர்களை எவனும் கண்டுகொள்வதில்லை; எனக்கு அது நன்றாகத் தெரியும். அவருக்கு என் பாராட்டைச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை என்ற ஓட்டைக்குள் நுழைந்து வரும் ஆள் நானில்லை. நாற்பத்தாறு என்று சொன்னால் நாற்பத்தாறு.

அன்புமொழி நேற்று, "நீங்க வாறதா இருந்தா வாங்க, இல்லாட்டி நானும் பிள்ளையும் போறோம். பதினோரு வருசமா ஒரு கோவத்த ஊறுகாய் மாதிரி வச்சு நக்கிக்கிட்டு இருக்கீங்க" என்றாள். எனக்கு அடுப்பில் வேலை இருந்தது.

ஒரு தார்க்கோட்டைக்கூட மிதிக்காமல் இரண்டு ஊருக்கிடையே இன்றைக்கு நடந்து போக முடியுமா என்பது நல்ல பரிசோதனை. யாரும் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். அதை மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வருகிறேன் என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனி. சனிக்கிழமை வெள்ளென நாலு மணிக்குப் புறப்பட்டால், இரவு இலுப்பூரில் அன்புமொழியின் சித்தி வீட்டில் தங்கலாம். தகவலுக்காகச் சொன்னேன்.

அண்ணன் ஜெரால்டு


குடுமியான்மலை
18-3-2026

அண்ணா,

சுகம். கார்டில் இடமில்லை. பாராட்டைச் சொல்லிவிட்டேன். காது சிவந்துபோய்த் தோட்டத்துப் பக்கம் எழுந்து போய்விட்டார். தோல் செருப்பு போட்டு வாருங்கள். தண்ணீருக்குச் செம்பு மறக்க வேண்டாம். பாப்பா சொல்லச் சொன்னாள்: "மடி ரெடியா மாமா?"

ஷர்லி


குடுமியான்மலை
25-3-2026

அன்புள்ள அண்ணனுக்கு,

பாப்பா சுகம், இரண்டு காதும் சுகம். வேப்பங்குச்சி போட்டிருக்கிறோம். கண்ணாடி முன்னாலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். அவளை மடியில் வைத்துக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதது நீங்கள்தான் என்று தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். நீங்கள், அண்ணி, பெனிட்டா கால்வலி தீர்ந்து சுகமா?

அன்றைக்குக் கூட்டத்தில் கேட்க முடியாததை இப்போது கேட்கிறேன். ஒன்பதே முக்காலிலிருந்து பந்தலில் எல்லோரும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசாரி ஊசியை இரண்டு தடவை துடைத்து வைத்துவிட்டார். இவருடைய பெரியம்மா செவந்தி, "இந்த மாமன நம்புனா பிள்ளைக்குப் பேரன் பொறந்துரும், வேற ஆளப் பாருங்கடி" என்றார்கள். பத்து மணிக்கு அண்ணியும் பெனிட்டாவும் மட்டும் வந்தார்கள். "பின்னால வாராக" என்றார்கள், வேறு ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்கள். நான் கண்மாய்ப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்தேகாலுக்கு நீங்கள் வந்தீர்கள். கண்மாய்ப் பக்கமிருந்து அல்ல. தார் ரோட்டில், நடு ரோட்டில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தீர்கள். பக்கத்தில் இவர் வெறுங்காலோடு, தலையில் கோணிக்கட்டு. பதினோரு வருடம் முகம் பார்க்காத இரண்டு பேர் ஒரே மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றீர்கள்.

என்ன நடந்தது, அண்ணா? இவரிடம் கேட்டால் "மச்சான்கிட்டக் கேளு" என்று நொண்டிக்கொண்டே பங்க்குக்குக் கிளம்பிவிடுகிறார். உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம்.

வரைபடம் போட்டவர் யாரென்று நான் சொல்லாமல் விட்டதற்கு என்மேல் கோபமா? சொல்லியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பீர்கள்.

உங்கள் பதிலுக்காக
ஷர்லி


ஆவூர்
29-3-2026
குருத்தோலை ஞாயிறு

அன்புள்ள ஷர்லி,

நாங்கள் சுகம். பாப்பாவின் காதில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள். தலைக்கு ஊற்றும்போது கவனம்.

கேட்டுவிட்டாய், எழுதுகிறேன். கிழித்துப் போட்டிருப்பேன் என்பதும் உண்மைதான்.

இலுப்பூரில் தங்கிவிட்டு ஞாயிறு விடியக் கிளம்பினோம். கடக்கவேண்டிய நான்கு ரோடும் அதற்கப்புறம்தான். முதல் ரோட்டை நெருங்கும்போது குறுக்கே ஏதோ விரித்துக் கிடந்தது. ஒரு மினிபஸ் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடியில் எனக்கு ஆள் தெரியவில்லை, குரல்தான் கேட்டது.

"யோவ், ரோட்டுல என்னய்யா விரிச்சு வச்சிருக்க? சாமி ஊர்வலமா?"

"எங்க மச்சான் வாராரு. ரெண்டு நிமிசம் பொறுங்கண்ணே."

"நடந்து வாறதுக்கு எதுக்குய்யா கோணி?"

"தாரு மிதிக்க மாட்டாருண்ணே. வெரதம்."

பத்தடிக்குள் போனதும் தெரிந்தது. அன்புமொழி முதுகில் குத்தினாள். ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எட்டுச் சணல் கோணி. இப்போது உரமூட்டை, அரிசிமூட்டை எல்லாம் பிளாஸ்டிக். சணலுக்காக நாலு ஊர்க் கடலை மண்டியில் தேடினாராமே? பெனிட்டா கேட்டுத் தெரிந்துகொண்டாள். செருப்பு ரப்பர் என்று கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தார். நான் கோணிமேல் நடந்து கடந்தேன். அவர் கோணிகளைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த ரோட்டுக்கு முன்னால் ஓடினார். மூன்று ரோடும் இப்படித்தான்.

நான்காவது ரோடு உங்கள் ஊர் எல்லை. அங்கே வந்தபோது ஒன்பது நாற்பது. ரோட்டைக் கடந்து இறங்க வேண்டிய பாதையில் யாரோ முந்தின நாள் முள்வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். கண்மாயைச் சுற்றினால் ஒன்றரை மணி நேரம். ரோட்டில் போனால் ஒன்றரைக் கிலோமீட்டர். அன்புமொழியும் பெனிட்டாவும் "எங்களுக்குச் சாமி கோவிக்காது" என்று சொல்லிவிட்டுத் தாரில் இறங்கிப் போய்விட்டார்கள்.

அவர் வேலியைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். பிறகு கோணிகளை ரோட்டின் நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக விரித்தார். "ஏறி நில்லுங்க மச்சான். மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே போயிரலாம்."

நான் நடக்க நடக்க, பின்னால் இருக்கும் கோணியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடி விரிக்கிறார். குனிகிறார், எடுக்கிறார், ஓடுகிறார், குனிகிறார். நூறு மீட்டருக்குப் பத்து நிமிடம் ஆனது. நான் கணக்குப் போட்டேன். இந்த வேகத்தில் இரண்டரை மணி நேரம். கணக்கு அவருக்கும் தெரியும். ஆனாலும் குனிந்துகொண்டே போகிறார். காலைத் தாரில் மாற்றி மாற்றி வைப்பதைப் பார்த்தேன். சூடு.

நான் கோணியைவிட்டு இறங்கினேன்.

"மச்சான்! தாரு! ஏறுங்க மேல. இன்னும் பதிமூணு நாளுதான கெடக்கு, கெட்டுப்போயிரும்."

என் விரதத்துக்கு எத்தனை நாள் பாக்கி என்று அந்த மனிதர் எண்ணி வைத்திருக்கிறார், ஷர்லி.

"கெடட்டும். கோணியச் சுருட்டுங்க. பிள்ள காத்துக்கிட்டு இருக்கு" என்றேன். பதினோரு வருடத்தில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. பிறகு ஓடினோம். பாதி வழியில் அவர் "செத்த மெதுவா மச்சான்" என்றார். நான் மெதுவாக ஓடவில்லை.

இன்று பூசையில் குருத்தோலை பிடித்துக்கொண்டு நின்றேன். ஆண்டவர் கழுதைமேல் ஏறிப் போன வழியில் ஜனங்கள் மேலாடைகளைக் கழற்றி விரித்ததை வாசித்தார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. அவருக்கு விரித்தார்கள், தகும். நான் கோணல் கண்ணாடி போட்ட ஒரு வாத்தியார்.

முப்பத்து மூன்றாம் நாள் என் விரதம் முறிந்தது. ஞாயிறு கணக்கில் வராது என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில்தான் திரும்பினோம், முறிந்தது முறிந்ததுதான். மறுநாள் காலையிலிருந்து மறுபடி ஒன்று என்று எண்ணத் தொடங்கியிருக்கிறேன். மே ஏழாம் தேதி முடியும். கோபமெல்லாம் போய்விட்டது என்று நான் எழுதினால் நீயே நம்பமாட்டாய். அந்த நேர்முகத் தேர்வை நினைத்தால் இப்போதும் சுருக்கென்கிறது. பாதி இருக்கிறது. பாதி போதும் என்று அன்புமொழி சொல்கிறாள்.

ஈஸ்டருக்கு மூன்று பேரும் வந்துவிடுங்கள். பைக்கிலேயே வாருங்கள். சமையல் என்னுடையது, சோறு இப்போது குழைவதில்லை.

மாப்பிள்ளை காலுக்கு விளக்கெண்ணெய் தடவச் சொல். வாசலின் களிம்பு கூடாது, அது கச்சா எண்ணெயின் கசடு. இரண்டு நாளில் கேட்கவில்லை என்றால் வாசலினையே போடு. கால் ஆறினால் சரி.

அண்ணன்
ஜெரால்டு